கதைக்கு முடிவு வேண்டாமா?

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி என் வீட்டுக்கு நடந்து போகப் பத்து நிமிஷம் ஆகும். மாலை ஏழரை மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் நடப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. டெலிவிஷன் தொடர் எதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் வீட்டு ஜன்னலில் மாமியார் ஒரு சபதம் போட ஆரம்பிக்கிறாள். நாலு வீடு தாண்டினால் அந்தச் சபதம் முடிகிறது. மூலையில் திரும்புவதற்குள் மருமகள் அழத் தொடங்கிவிடுகிறாள். நான் என் வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது சோப்பு விளம்பரம் வந்துவிடும். ஒரு வார்த்தை விடாமல் கதை கேட்டுக்கொண்டே வீடு வந்து சேரலாம்.

சுமார் முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு இதே தெருவில் டெலிவிஷன் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்தவர் வீடு. மொட்டை மாடியில் ஏரியல் கம்பம் ஒன்று நிற்கும். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும். யாராவது மேலே ஏறித் திருப்பி வைக்க வேண்டும். கீழேயிருந்து “வந்திருச்சு, வந்திருச்சு, விட்டுடு” என்று கத்துவார்கள். மேலே இருப்பவன் கையை எடுத்ததும் படம் போய்விடும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ அன்று அந்த வீட்டுக் கூடத்தில் தெரு முழுவதும் உட்கார்ந்திருக்கும். அந்த அரை மணி நேரச் சினிமாப் பாட்டுக்காக, பின்னால் நின்றவர்களில் மேலே ஏறப் பிறந்தவன் நான். அதனால் எட்டு வயதில் நான் பார்த்த டெலிவிஷனை விட, கேட்ட டெலிவிஷன்தான் அதிகம். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்தப் பழைய கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம், எதிர்வீட்டுத் தலைமையாசிரியர். ஓய்வுபெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் ஒரு நாள் வாசலில் நிற்க வைத்துக் கேட்டார்: “தம்பி, கதை எழுதறவர் நீங்க, சொல்லுங்க. அந்தக் காலத்து தூர்தர்ஷன் எங்கே, இந்தத் தனியார் டிவி எங்கே? எல்லாம் கெட்டுப் போச்சு இல்லையா?”

‘ஆமாம் சார்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வயதானவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதுதான் உத்தேசித்த பதில். ஆனால் அது உண்மையில்லை என்று எனக்குப் பட்டது. ‘இல்லை’ என்று சொன்னாலும் உண்மையில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: கதை சொல்கிறவன் எதிரே உட்கார்ந்திருப்பவனை யாராக நினைத்துக்கொண்டு சொல்கிறான் என்பது. அந்தக் கோலை வைத்துக்கொண்டு இரண்டையும் அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

சர்க்கார் டெலிவிஷனை முதலில் எடுத்துக்கொள்வோம். டெல்லியில் 1959-லேயே தொடங்கிவிட்ட இந்தச் சமாசாரம் சென்னைக்கு வந்து சேர்ந்தது 1975 ஆகஸ்டு 15-இல். அவசர நிலை பிறப்பித்து இரண்டு மாதம்கூட ஆகாத சமயம். பிறந்த நேரத்தின் பலன் என்று ஜோசியர்கள் சொல்வார்களே, அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்தக் குழந்தையின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டே பிறந்த குழந்தை அது. வளர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஒலிபரப்புக்குச் சுதந்தரம் தரும் பிரசார் பாரதி சட்டத்தை 1990-இல் பாராளுமன்றம் நிறைவேற்றியது. நிறைவேற்றிய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவர 1997 வரை யாருக்கும் மனம் வரவில்லை. ஏழு வருஷம்! மந்திரிகள் மாறினார்கள், மனம் மாறவில்லை.

இந்த நிலையம் நம்மை யாராக நினைத்தது? மாணவனாக நினைத்தது. ‘வயலும் வாழ்வும்’ நமக்கு உரம் போடச் சொல்லிக் கொடுத்தது. ‘எதிரொலி’யில் நம் கடிதங்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னது, திட்டி எழுதினாலும் நிதானமாகப் பதில் வரும். செய்தி வாசிப்பவர்கள் ழகரத்தை ழகரமாகச் சொன்னார்கள். ஷோபனா ரவி வாசித்த தமிழைக் கேட்டுத் தங்கள் பெண்களின் உச்சரிப்பைத் திருத்திய தாய்மார்களை எனக்குத் தெரியும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல. நல்ல வாத்தியார் செய்யக்கூடிய காரியங்கள்.

ஆனால் வாத்தியாருக்கு மேலே ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார். 1982-இல் தேசிய நிகழ்ச்சி என்று ஒன்று வந்தது. ராத்திரி நல்ல நேரத்தில் தமிழ் எழுந்து போய்விடும். ஹிந்தி வந்து உட்காரும். தலைவர்கள் என்ன திறந்து வைத்தார்கள் என்பது மட்டும் இரண்டு பாஷையிலும் வரும். இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில் ‘மால்குடி டேஸ்’ வந்தது. சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயணன் இங்கிலீஷில் எழுதிய கதைகள். கன்னடக் கலைஞர் சங்கர் நாக் டைரக்ட் செய்தார். கர்நாடகத்து அகும்பேயில் படம் பிடித்தார்கள். சங்கீதம் நம் எல். வைத்யநாதன். அந்த ஊரின் திண்ணையும் தெருவும் வேட்டியும் எல்லாம் நம்முடையவை. பேசியது மட்டும் ஹிந்தி. ஊரப்பாக்கத்துக் கூடத்தில் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஸ்வாமி என்ற பையன் என்னைப் போலவே இருந்தான். அவன் பேசியதுதான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று. அந்தக் கதைகள் முடிந்தன. பாஷை தெரியாத பையனுக்குக்கூட ஒரு கதை முடிந்துவிட்டது என்பது தெரியும்.

அந்த நாளையத் தமிழ்த் தொடர்களும் அப்படியே. பதின்மூன்று வாரம் என்றால் பதின்மூன்று வாரம். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு. க. ஸ்டாலின், 2021-இல் முதலமைச்சரானாரே, அவரேதான். அந்த நாவலைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்லப் போகிறேன். வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, தலைமையாசிரியர் சாருடைய ஏக்கத்தில் பாதி நியாயம். மறுபாதியை அவர் மறந்துவிட்டார். 1993 ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பிறப்பு அன்று சன் டிவி தொடங்கியபோது நம் வீடுகளில் எத்தனை சந்தோஷம்! தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கேபிள் கம்பி கட்டினார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தமிழன் தமிழில் டெலிவிஷன் பார்க்கலாம் என்பது அன்றைக்கு ஒரு புதுமை. பதினெட்டு வருஷம் சர்க்கார் நிலையம் செய்ய முடியாததை, அல்லது செய்ய விடப்படாததை, ஒரு தனி மனிதரின் வியாபாரம் செய்து காட்டியது. அடுத்த வருஷமே ராஜ் டிவி; பின்னால் விஜய்; 1999-இல் ஜெயா. நமக்கு நம் பாஷை கிடைத்தது. இந்த நன்றியை மறந்துவிட்டுத் தனியார் டெலிவிஷனைத் திட்டுவது அழகல்ல. நான் மறக்கவில்லை.

பாஷை கிடைத்தது, சரி, சொந்தக்காரர்கள் யார்? சன் டிவியை ஆரம்பித்த கலாநிதி மாறன் தி.மு.க. தலைவரின் உறவுக் குடும்பத்தவர். ஜெயா டிவி அ.தி.மு.க. பக்கம். 2006-இல் பா.ம.க. பக்கமிருந்து மக்கள் தொலைக்காட்சி. சினிமாப் பாட்டே போடாமல், நல்ல தமிழில் நடத்திக் காட்டிய துணிச்சலுக்காக அதை மெச்ச வேண்டும். 2007-இல் குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வந்தவுடன் கலைஞர் டிவி பிறந்தது. மனஸ்தாபத்திலிருந்து காவியங்கள் பிறந்ததுண்டு. டெலிவிஷன் பிறந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒரே மழை பெய்தால் ஒரு நிலையத்தில் வெள்ளம். இன்னொன்றில் ஏரி நிரம்பிய மகிழ்ச்சி. ஊரப்பாக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பவன் இரண்டையும் பார்த்துவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சாபம் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் அடுத்த தெருப் பையன் ஒருவன் ஜார்ஜியா தேசத்தில், டிபிலிசி நகரில் டாக்டருக்குப் படிக்கிறான். இந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கப் போகிறார்கள். லீவில் வந்திருந்தபோது அந்த ஊர் டெலிவிஷனைப் பற்றிச் சொன்னான். பிறகு நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நாற்பது லட்சம் பேருக்கும் குறைவான ஜனங்கள். தனி பாஷை, தனி லிபி. 1956-இல் சோவியத் காலத்தில் டெலிவிஷன் வந்தது. அந்தச் சர்க்கார் நிலையத்தை 2005-இல் பொது ஒலிபரப்பாக மாற்றினார்கள். தனியாரில் ஒரு காலத்தில் பெரியதாக இருந்தது ருஸ்தாவி 2. 1994-இல் ஓர் உள்ளூர் நிலையமாகத் தொடங்கி, 2003-இல் நடந்த ரோஜாப் புரட்சியில் ஆட்சி மாறக் காரணமானவற்றில் ஒன்றாகிவிட்டது. அப்புறம் அதன் சொந்தக்காரர் யார் என்ற வழக்கு பல வருஷம் நடந்து, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2019-இல் கை மாறியது. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் வெளியேறி ம்தாவரி என்று புது நிலையம் ஆரம்பித்தார்கள். 2025-இல் அதுவும் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. சின்ன பாஷை, பெரிய சண்டை. சர்க்கார் நிலையம் சர்க்காருக்குப் பயப்படுகிறது. தனியார் நிலையம் முதலாளிக்குப் பயப்படுகிறது. பாஷை சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது, குரலும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது ஏழு கடல் தாண்டியும் ஒன்றுதான் போலும்.

செய்தி போகட்டும். அது பத்திரிகைக்காரர்களின் பாடு. என் பாடு கதை. தனியார் டெலிவிஷன் கதையை என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஆரம்பத்தில் நன்றாகவே செய்தது. தொண்ணூறுகளில் வாரம் ஒரு முறை வந்த தொடர்களை நினைத்துப் பாருங்கள். கே. பாலசந்தரின் ‘கையளவு மனசு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா எடுத்த ‘மர்மதேசம்’. ‘விடாது கருப்பு’ ஓடிய காலத்தில் ராத்திரி கொல்லைப்புறம் போகப் பயந்தவர்களில் நானும் ஒருவன். தமிழ் டெலிவிஷன் கதை சொல்லக் கற்றுக்கொண்ட காலம் அது. சர்க்காருக்கும் பயம் இல்லை, விளம்பரக்காரருக்கும் இன்னும் முழுப் பயம் வரவில்லை. அந்த இடைவெளியில் கொஞ்சம் கலை புகுந்துகொண்டது. கலை எப்போதும் அப்படி ஏதாவது ஓர் இடைவெளியில்தான் புகும்.

1999 டிசம்பரில் ராதிகா நடித்த ‘சித்தி’ வந்தது. தினமும். அதற்கும் ஒரு வடிவம் இருந்தது, முடிந்தும் போயிற்று. அதற்குப் பின் வந்த ‘மெட்டி ஒலி’யைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனாரின் கவலையைத் தமிழில் அவ்வளவு கிட்டத்திலிருந்து காட்டிய நாவல்கள் குறைவு. எழுத்தாளர்கள் என் மேல் கோபித்துக்கொண்டாலும் சரி. ஆனால் 2003-இல் ஆரம்பித்த ‘கோலங்கள்’ 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு நாட்களுக்கு மேல் போயிற்று. ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும் காலம் அது.

நீளம் ஒரு குற்றமா என்று வாசகர்கள் கேட்பீர்கள். இல்லை. நம் பத்திரிகைத் தொடர்கதைகளை விடவா? கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950-இலிருந்து 1954 வரை வாராவாரம் வந்தது. நம் பாட்டிமார்கள் பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கதையைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: எவ்வளவு வளைந்து போனாலும் ஆறு கடலுக்குத்தான் போகிறது. ஆசிரியருக்கு அந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று தெரியும். இந்தத் தொடர்களுக்குக் கடலே கிடையாது. இவை வாய்க்காலை வெட்டி வெட்டி வயலுக்குள்ளேயே சுற்றி விடுகின்றன.

காரணம் கலைஞர்களின் திறமைக் குறைவு அல்ல. எனக்கு அவர்களில் பலரைத் தெரியும்; நம்மைவிடச் சமர்த்தர்கள். காரணம் கணக்கு. தயாரிப்பாளர் ஒரு நிலையத்தில் அரை மணி நேரத்தை வாங்குகிறார், அல்லது நிலையமே அவரிடம் ஒப்படைக்கிறது. நடுவில் வரும் விளம்பரத்தில் பணம். தேசம் முழுவதிலும் சில பத்தாயிரம் வீடுகளில் ஒரு கருவியை வைத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் எண்ணுகிறார்கள். எண் ஏறினால் கதை நீள வேண்டும். எண் இறங்கினால் கதை சாக வேண்டும். நன்றாக இருக்கிற கதை முடியக் கூடாது. மோசமாக இருக்கிற கதைக்கு மட்டும்தான் முடிவு. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியுமா?

தண்டனை என்று நான் சொல்வது அனுபவித்துத்தான். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தொடருக்கு எட்டு மாதம் வசனம் எழுதினேன். நிலையத்தின் பெயரும் தொடரின் பெயரும் வேண்டாம். இதுவரை நான் இதை எங்கும் எழுதியதில்லை; வெட்கமாக இருந்தது. வீட்டுக் கடன் இருந்தது, எழுதினேன். கதையில் வீட்டைவிட்டுப் போன ஒரு பெண். அவளுடைய பாட்டி சாகும் காட்சியை ஒரு நாள் எழுதிக் கொடுத்தேன். சுமாராக நான் திருப்திப்பட்ட காட்சி. மறுநாள் காலை போன் வந்தது. “சார், பாட்டி நல்லா போயிட்டிருக்காங்க. சாக வேண்டாம். கோமாவுல வைங்க.” வைத்தேன். பாட்டி நாற்பது நாள் கோமாவில் இருந்தாள். அந்த நாற்பது நாளும் அவள் கட்டிலைச் சுற்றி ஒவ்வொருவராக நின்று அழுதார்கள், நான் அழவைத்தேன். ஒரே அழுகையை நாற்பது விதமாக எழுதும் வித்தை எனக்கு வந்துவிட்டது. அது ஒரு வித்தைதான். ஆனால் எழுத்து அல்ல.

அந்தச் சமயம் என் அத்தை எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தாள். அவளுக்குப் பொழுது போக்கு இந்தத் தொடர்தான். தன் மருமகன் எழுதுகிறான் என்ற பெருமை வேறு. ஒரு நாள் ராத்திரி தொடர் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏம்ப்பா, நீதானே எழுதறே? அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்குத் திரும்பி வருவாளா, மாட்டாளா? எனக்கு மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

எனக்குத் தெரியாது. கதையை எழுதிக்கொண்டிருப்பவன் நான். கதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. டைரக்டருக்கும் தெரியாது. வாராவாரம் வரும் எண்ணுக்குத்தான் தெரியும். நான் சாகும்வரை மறக்க முடியாத அவமானம் அது.

“வருவா அத்தை” என்றேன். “மழை நாள்ல வருவா. கதவு திறந்தே இருக்கும். யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. சாப்பாடு போட்டு வைப்பாங்க.”

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது போதும்” என்றாள்.

அவள் போய் மூன்று மாதம் கழித்துத் தொடரை நிறுத்தினார்கள். எண் இறங்கிவிட்டது. மூன்று நாளில் எல்லாவற்றையும் முடிக்கச் சொன்னார்கள். நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண் விமானம் ஏறி எங்கோ போய்விட்டதாக யாரோ எழுதினார்களாம். அத்தைக்குச் சொன்ன முடிவு ஒன்றுதான் அந்தக் கதைக்கு நான் கொடுத்த முடிவு.

‘குறிஞ்சி மலர்’ பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே. அந்த நாவலில் அரவிந்தன் இறந்துபோகிறான். ‘கல்கி’யில் அது வந்த காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பெண்களுக்குப் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். அவன் சாகாமல் இருந்து, பூரணியைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமியார் வந்து, மாமியாருக்கு ஒரு தங்கை வந்து, ஆயிரம் வாரம் போயிருந்தால் யாராவது அந்தப் பெயரை வைத்திருப்பார்களா? ஒரு பாத்திரம் நம் மனத்தில் உயிரோடு இருப்பது அது கதையில் ஒரு முடிவை அடைந்ததால்தான். வாழ்க்கையில் நமக்கு எதன் முடிவும் சரியாகத் தெரிவதில்லை. யார் ஏன் போனார்கள், யார் மனத்தில் என்ன இருந்தது, ஒன்றும் தெரிவதில்லை. அதனால்தான் கதை கேட்கிறோம். கதையிலும் அது கிடைக்காதென்றால், பிறகு கதை எதற்கு? வெறும் துணைக்கா?

துணைக்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அந்த முகங்கள் தினமும் வந்து போவதே ஓர் ஆறுதல் என்பார்கள். உண்மை, அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். 2006-இல் வந்த ஆட்சி ஏழை வீடுகளுக்கு இலவசமாகக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபோது சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. பிறர் வீட்டுக் கூடத்தில் பின்வரிசையில் நின்று பார்த்தவனுக்குத் தன் வீட்டில் ஒரு பெட்டி என்பது என்னவென்று தெரியும். ஆனால் தினமும் வந்து போகும் துணை நம்மை மதிக்கவும் வேண்டும் அல்லவா? சர்க்கார் நம்மை மாணவனாக நினைத்தது. தனியார் நம்மை வாடிக்கையாளனாக நினைக்கிறார்கள். மாணவனுக்குப் புத்திமதி, வாடிக்கையாளனுக்குச் சரக்கு. ரசிகனுக்கு உரியது இரண்டிலும் அபூர்வமாகத்தான் கிடைத்தது.

இப்போது பிள்ளைகள் டெலிவிஷன் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கைபேசியில் பார்க்கிறார்கள். 2022-இல் புஷ்கர்–காயத்ரி எழுதிய ‘சுழல்’ வந்தது. எட்டே பகுதிகள். என் மகள் இரண்டு ராத்திரியில் பார்த்து முடித்துவிட்டு, “அப்பா, முடிஞ்சிருச்சு” என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. அத்தைக்குக் கிடைக்காத பெருமூச்சு அது. ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். கதைக்கு முடிவு வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டு என்ற நிலைமைக்கு வந்துவிட்டோம். கட்ட முடியாதவர்களுக்கு முடியாத கதை.

இங்கேதான் பொது டெலிவிஷன் என்பது ஞாபகத்துக்கு வருகிறது. பழைய சென்னைத் தூர்தர்ஷன், பின்னால் பொதிகை என்று பெயர் பெற்று, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மறுபடி பெயர் மாறியிருக்கிறது. புதுப் பெயர், புது மெருகு. தனியார் நிலையங்களோடு ஓடிப்போட்டியிட வேண்டும் என்ற ஆசை அதற்கு வந்திருப்பதாகத் தெரிகிறது. அந்த ஆசை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பணக்காரன் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு ஏழை கடன் வாங்கிப் பந்தல் போட்ட கதையாகும். தனியாரால் செய்ய முடியாத ஒரு காரியம் இருக்கிறது. அதற்குப் பெரிய பணம் வேண்டாம். நம் வரிப்பணத்தில் நடக்கும் நிலையம் வாராவாரம் எண்ணைப் பார்த்து நடுங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே அது ஒரு கதையை ஆரம்பித்து, முடிக்கலாம். தமிழில் நூறு வருஷத்துச் சிறுகதைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் யாரும் தொடவில்லை. வாரத்துக்கு ஒன்று, அரை மணி நேரம், ஆரம்பம், நடு, முடிவு. மால்குடியை ஹிந்தியில் செய்ய முடிந்தவர்களுக்குத் தஞ்சாவூரையும் நாஞ்சில் நாட்டையும் கரிசல் காட்டையும் தமிழில் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் அதற்கு வாயைப் பொத்திய கையை எடுக்க வேண்டும். தமிழ்ச் சிறுகதையில் ஜாதி வரும், போலீஸ் வரும், பசி வரும், ஆபீஸ் லஞ்சம் வரும். மேலே யாராவது என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டு அதைப் படமாக்க முடியாது. பயத்தோடு எடுத்தால் மறுபடி உரம் போடச் சொல்லிக் கொடுப்பதில்தான் வந்து நிற்கும். விளம்பரத்துக்குப் பயப்படுவதும் மந்திரிக்குப் பயப்படுவதும் கதையைப் பொறுத்தவரை ஒன்றே. ஒன்று முடிவே இல்லாமல் செய்கிறது. மற்றது முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறது.

தலைமையாசிரியர் சாருக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று வந்துவிட்டேன். யோசித்தாகிவிட்டது. கெட்டுப் போனது தனியார் வந்ததால் அல்ல. அவர்கள் வந்து நம் பாஷையைக் கொடுத்தார்கள். சர்க்கார் நிலையம் பொற்காலமும் அல்ல. அது கதையை முடித்தது, ஆனால் முழுக்கச் சொல்லப் பயந்தது. இரண்டு வீட்டிலும் பாதிப் பாதி இருக்கிறது. இரண்டு பாதியையும் சேர்த்து வைக்க இன்னும் ஒருவரும் வரவில்லை.

நேற்று மாலை ஸ்டேஷனிலிருந்து வரும்போது சாருடைய ஜன்னலிலும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திட்டிக்கொண்டே பார்க்கிற ரகம். என்னைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னலோரம் வந்தார்.

“தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. இந்தப் பையன் கடைசியில அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுவானா?”

“எழுதறவனுக்கே தெரியாது சார்” என்றேன்.

அவர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.